போர்டு அவுட் ஆகும் ஜவானுக்கு பென்ஷன் போக வேறென்ன பணம் வரும்? உதவியாள் படி பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நாயக்_மச்சினன்:
எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா வீட்டுக்காரர் ராணுவத்தில் நாயக். ரேஷன் ஏற்றிக்கொண்டு மலைமேல் போன வண்டி உருண்டு முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இப்போது மிலிட்டரி ஆஸ்பத்திரியில் ஸ்பைனல் வார்டில் இருக்கிறார். சீக்கிரமே மெடிக்கல் போர்டு உட்காரும், அது முடிந்ததும் போர்டு அவுட், அதாவது ஊனத்தால் பணியிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். 100 சதவீத ஊனம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மச்சானால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. அக்காதான் கூட இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் பாட்டி வீட்டில். கூட ஆள் வைத்துக்கொண்டால் அதற்குத் தனியாகப் படி உண்டு என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னாராம். யூனிட்டில் கேட்டால் "எல்லாம் ரெக்கார்ட் ஆபீஸ் பார்த்துக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையில் என்னென்ன வரும்? நாங்கள் கேட்காமல் விட்டால் எது வராமல் போகும்? இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம்.

பழைய_கிளார்க்:
தம்பி, ரெக்கார்ட் ஆபீஸ் "பார்த்துக்கும்" என்பது பாதி உண்மை. போர்டு தாளில் இருப்பதை அப்படியே பார்த்துப் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் ஆபீசுக்கு அனுப்பும். தாளில் இல்லாததை யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள். அந்த மேஜையில் பல வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

முதலில் பென்ஷன் கணக்கு. இதில் இரண்டு துண்டு உண்டு. சர்வீஸ் எலிமெண்ட் என்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. டிஸபிலிட்டி எலிமெண்ட் என்பது 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். உதாரணத்துக்கு மச்சானின் அடிப்படைச் சம்பளம் 33,300, எம்எஸ்பி (ராணுவப் பணிச் சம்பளம்) 5,200 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 38,500. சர்வீஸ் எலிமெண்ட் 19,250, டிஸபிலிட்டி எலிமெண்ட் 11,550. மொத்தம் 30,800. இதன் மேல் அகவிலை நிவாரணம் ஏறும். போர்டு அவுட் ஆனவருக்கு சர்வீஸ் எத்தனை வருஷம் என்று பார்த்து சர்வீஸ் எலிமெண்டைக் குறைக்க மாட்டார்கள்.

மொத்தமாக ஒரே தடவை வரும் பணமும் உண்டு. எக்ஸ்கிரேஷியா என்ற கருணைத்தொகை, 2016 ஜனவரி 1 முதல் 100 சதவீதத்துக்கு 20 லட்சம். சதவீதம் குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். குரூப் இன்சூரன்ஸ் பணம் இதில் சேராது, அது வேறு வழியாக வரும், அதற்கு ஃபாரமும் வேறு.

ஆனால் இத்தனைக்கும் ஒரு சாவி இருக்கிறது. ஊனம் பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்று போர்டு ஒப்புக்கொள்ள வேண்டும். "இரண்டும் இல்லை" என்று எழுதிவிட்டால், ஆங்கிலச் சுருக்கமாக "நானா" (NANA) என்பார்கள், டிஸபிலிட்டி எலிமெண்டும் எக்ஸ்கிரேஷியாவும் போச்சு. டூட்டியில் வண்டி கவிழ்ந்தது என்பதால் உங்களுக்கு இது சிக்கல் இல்லாமல் இருக்க வேண்டும். இருந்தாலும் கோர்ட் ஆஃப் என்கொயரி (விபத்து விசாரணை) முடிந்ததா, இஞ்ஜுரி ரிப்போர்ட்டில் சிஓ (யூனிட் தலைவர்) கையெழுத்து இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். நகல் கையில் இருக்கட்டும்.

சக்கரநாற்காலிக்காரன்:
நான் அந்த வார்டில் படுத்திருந்தவன். கேட்காமல் விட்டால் வராமல் போவது எது என்று கேட்டீர்களே, அது உதவியாள் படிதான். கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்று பெயர். 100 சதவீத ஊனக்காரருக்கு மட்டும். அதுவும் 100 சதவீதம் என்று எழுதிவிட்டாலே தானாக வந்துவிடாது. "இவருக்கு எப்போதும் கூட ஒரு ஆள் தேவை" என்று போர்டு தனியாகச் சிபாரிசு செய்ய வேண்டும். குறைந்தது மூன்று மாதமாவது ஆள் தேவைப்படும் நிலை, அதுவும் ஒப்புக்கொள்ளப்பட்ட அந்த ஊனத்தால் மட்டுமே வந்த தேவை. இப்படித்தான் விதி போகிறது.

7-வது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, 2017 ஜூலையிலிருந்து, மாதம் 6,750 ரூபாய். அதற்கு முன் 4,500. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும் ஒவ்வொரு தடவையும் இது 25 சதவீதம் கூட வேண்டும் என்றும் அப்போதே போட்டார்கள். அகவிலைப்படி 2024 ஜனவரியில் 50-ஐத் தொட்டுவிட்டது. ஆகவே பழைய 6,750-ஐ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பிபிஓவில் (பென்ஷன் உத்தரவுத் தாள்) பழைய தொகை இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

என் போர்டில் சதவீதம் 100 என்று போட்டார்கள், ஆள் தேவை என்ற வரி விடுபட்டுப்போனது. வேண்டுமென்று செய்ததல்ல. அன்றைக்கு வரிசையில் நிறையப் பேர். அந்த ஒரு வரியை வாங்க நான் பட்ட பாட்டை எழுதினால் இந்த இழை போதாது.

பேரிங்_உருளை:
அந்தக் காசுக்குப் பகல் ஆள்கூடக் கிடைக்காது. ராத்திரிக்கு யார் வருவார்கள்? இதை ஒரு பெரிய சலுகை மாதிரிப் பேசுவதுதான் எனக்குப் புரியவில்லை.

வார்டு_மாஸ்டர்:
பேரிங்_உருளை சொல்வது சரிதான், ஆனாலும் விட்டுவிடக்கூடாது. நான் ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டண்டாக இருந்தவன், ஸ்பைனல் வார்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். "ஆள் தேவை" என்பதன் அர்த்தத்தை வீட்டார் புரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், ராத்திரியிலும். இடுப்பு எலும்புக்குப் பின்னால், குதிகாலில், உட்காரும் எலும்பின் மேல் தோல் சிவந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்காமல் நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவருக்கு வலிக்காது, அதனால் அவர் சொல்ல மாட்டார். சிறுநீருக்கு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கதீட்டர். கை நன்றாக வேலை செய்தால் அதை அவரே பழகிக்கொள்ளலாம். வயிறு சுத்தம் செய்வதற்கு ஒரு நேரம் வைத்து அதே நேரத்தில் தினமும் செய்ய வேண்டும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒருவர் போதும், ஆனால் அந்த ஒருவருக்கு முறை தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்காவின் முதுகு போய்விடும்.

போர்டு நாளில் ஆபீசர் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டால் நம்ம ஜவான்கள் எல்லோரும் "டீக் ஹூன் சாப்" (நல்லா இருக்கேன் ஐயா) என்றுதான் சொல்வார்கள். அது வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள். எதெல்லாம் தன்னால் முடியாதோ அதை ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வார்டு சிஸ்டரிடம் நர்சிங் நோட்ஸில் புரட்டுவது, கதீட்டர் எல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். போர்டு சிபாரிசுக்கு அதுதான் அடிப்படை.

நாயக்_மச்சினன்:
வார்டு_மாஸ்டர் அண்ணே, "டீக் ஹூன் சாப்" விஷயம் அப்படியே எங்கள் மச்சான்தான். அக்காவிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு சந்தேகம். படி கிடைத்த பிறகு புண்ணோ காய்ச்சலோ வந்து திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்தால் படி தொடருமா?

பழைய_கிளார்க்:
தொடராது. அரசு ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருக்கும் நாட்களுக்கு உதவியாள் படி கிடையாது. கவனிக்க அங்கேயே ஆள் இருக்கிறார்கள் என்பது காரணம். பென்ஷனின் மற்ற துண்டுகளில் கை வைக்க மாட்டார்கள்.

சக்கரநாற்காலிக்காரன்:
இந்த விதியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் செலவு குறையும் என்று எந்தப் புண்ணியவான் கணக்குப் போட்டான்? வீட்டில் வேலைக்கு இருந்த பையனை அந்த மாதம் நிறுத்தினால் அவன் வேறு வேலைக்குப் போய்விடுவான். திரும்பி வந்தால் புதிதாக ஒருவனுக்கு முதலிலிருந்து பழக்க வேண்டும். அதனால் அரைச் சம்பளமாவது கொடுத்து நிறுத்திவைக்கிறோம். இதற்கு நடுவில் ஆஸ்பத்திரிக்கு வெளியே வாடகை அறை எடுத்து வீட்டம்மா இருக்கிறார்கள். அவர்கள் சாப்பாடு, பஸ், இன்னபிற. செலவு கூடும் மாதத்தில்தான் படி நிற்கிறது.

பேரிங்_உருளை:
இன்னொரு பக்கமும் உண்டு. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே இருப்பவருக்கு இரட்டைச் செலவு அரசு ஏன் செய்ய வேண்டும் என்று ஆடிட் கேட்கும். முதல் ஒரு மாதம் வரை நிறுத்தக்கூடாது, அதற்கு மேல் நிறுத்தலாம் என்று வைத்தால் நியாயமாக இருக்கும்.

சக்கரநாற்காலிக்காரன்:
அதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமே.

ட்ரிப்யூனல்_வாசல்:
நாயக்_மச்சினன், உதவியாள் படியைவிடப் பெரிய விஷயம் ஒன்றை யாரும் கேட்கவில்லை. வண்டி எங்கே கவிழ்ந்தது? அது அரசு அறிவித்த ஆபரேஷன் பகுதியா? விபத்து பேட்டில் கேஷுவல்டியாக (போர், ஆபரேஷன் காயம்) பதிவாகியிருக்கிறதா, பிசிகல் கேஷுவல்டியாக (மற்றக் காயம்) பதிவாகியிருக்கிறதா?

2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக உத்தரவு காயங்களை ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. டூட்டியில் நடக்கும் சாதாரண விபத்து சி வகை. எதிரி நடவடிக்கை, அறிவிக்கப்பட்ட ஆபரேஷன் போன்றவை இ வகை. சி வகை என்றால் கிளார்க் ஐயா போட்ட கணக்கு, அதாவது 30 சதவீதம். இ வகை என்றால் அது வார் இஞ்ஜுரி பென்ஷன். போர்டு அவுட் ஆனவருக்கு 100 சதவீதம் என்றால் அந்த எலிமெண்ட் கடைசிச் சம்பளம் முழுவதும். மேலே உள்ள உதாரணத்தில் 11,550 இருந்த இடத்தில் 38,500. சாகும் வரை மாதாமாதம் வரும் வித்தியாசம் இது. ஆபரேஷன் பகுதியில் நடந்த வண்டி விபத்து எந்த வகை என்பதில் ஏகப்பட்ட வழக்குகள் நடந்திருக்கின்றன, ஜவான் பக்கம் தீர்ப்பானவையும் உண்டு.

யூனிட் முதலில் அனுப்பிய கேஷுவல்டி சிக்னல்தான் அஸ்திவாரம். அதன் நகலை யூனிட்டில் இருக்கும் நம்ம ஊர்க்கார சீனியர் யாரையாவது பிடித்து வாங்குங்கள். பிறகு பகுதி இரண்டு ஆர்டரில் (ஜவானின் பணி விவரங்களை யூனிட் வெளியிடும் தாள்) என்ன வெளியானது என்று பாருங்கள்.

நாயக்_மச்சினன்:
தலை சுற்றுகிறது சார். இதை எங்களிடம் இதுவரை யாருமே கேட்கவில்லை. கம்பெனி சுபேதார் சாப் நல்ல மனிதர், அவரிடம் இன்று ராத்திரி பேசுகிறேன்.

அக்னி_அண்ணன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பி அக்னிவீர், நாலு வருஷத் திட்டத்தில் சேர்ந்தவன். அதே வண்டியில் அவனும் இருந்திருந்தால் என்ன கிடைக்கும்?

பழைய_கிளார்க்:
பணிக்காரணமான ஊனம் என்றால் ஒரே தடவை எக்ஸ்கிரேஷியா: 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம். அதோடு நாலு வருஷத்தில் மீதியுள்ள காலத்துக்கான சம்பளமும், சேவா நிதி என்ற முடிவுத் தொகையும். மாத பென்ஷன் கிடையாது. முன்னாள் படைவீரர் அந்தஸ்தும், ஈசிஎச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லை என்பது அந்தத் திட்டத்தின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது.

அக்னி_அண்ணன்:
அப்படியென்றால் 22 வயதில் படுத்துவிட்ட பையனுக்கு 60 வயதில் புண் வந்தால் யார் பார்ப்பது?

சக்கரநாற்காலிக்காரன்:
இதற்கு யாரிடமும் பதில் இல்லை தம்பி. மொத்தத் தொகை பெரிதாகத்தான் தெரியும். எங்கள் மாதிரி ஆட்களுக்கு மருத்துவச் செலவு ஒரே தடவையில் முடிவதில்லை, வயது ஏற ஏறத்தான் கூடும். 44 லட்சம் வந்தால் அதில் ஒரு பைசாகூட வீடு கட்டப் போடாமல் முழுவதையும் மாத வட்டி வரும் இடத்தில் வையுங்கள் என்று சொல்வதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

ட்ரெயினிங்கிலேயே அடிபட்டு வெளியேறிய ஆபீசர் கேடட்டுகள் கதையும் இதே மாதிரிதான் இருந்தது. 2025-ல் சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கு எடுத்தது. அதே ஆகஸ்டில் அவர்களை ஈசிஎச்எஸ்ஸில் சேர்த்தார்கள். கோர்ட் கதவு திறந்தால்தான் ஃபைல் நகரும் என்பது நம் நாட்டு வழக்கம்.

நெறியாளர்:
அக்னிவீர் விஷயத்துக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன், மேற்கொண்டு அங்கே பேசுங்கள். இந்த இழையில் மூலக் கேள்வி தொடரட்டும்.

மருந்துச்சீட்டு:
ஈசிஎச்எஸ் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஓய்வு பெறும் எல்லோருக்கும் அது கட்டாயம். போரில் ஊனமானவர்களுக்குச் சந்தா விலக்கும் உண்டு, அதனால் பேட்டில் கேஷுவல்டியா இல்லையா என்பது இங்கேயும் வந்து நிற்கிறது. மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி என்று ஒன்று கேள்விப்படுவீர்கள். அது 2003-க்கு முன் ஓய்வு பெற்று ஈசிஎச்எஸ்ஸில் சேராதவர்களுக்கு. உங்களுக்கு அல்ல, அதன் பின்னால் அலைய வேண்டாம்.

என் அனுபவத்தில் தலைவலி எல்லாம் சின்னச் சாமான்களில்தான். பாலிகிளினிக்கில் கதீட்டர் கேட்டால் "இருப்பில் இல்லை" என்று முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அந்த முத்திரைச் சீட்டு இல்லாமல் வெளியே வாங்கினால் பில்லுக்குப் பணம் வராது. முத்திரை வாங்கிய பிறகு வாங்குங்கள், வரிசை மாறக்கூடாது. பில்லில் பேட்ச் நம்பர் இருக்கட்டும். அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். ராத்திரி என்றால் மெயில் அனுப்பிவிடுங்கள், நேரம் பதிவாகும்.

எண்பதுசதவீதம்:
நான் 20 சதவீத முழங்கால் ஊனத்தோடு சர்வீஸை முழுதாக முடித்து ஓய்வு பெற்றவன். எனக்கு இதில் ஏதாவது உண்டா?

ட்ரிப்யூனல்_வாசல்:
பெயரில் எண்பது, முழங்காலில் இருபது! எப்போது ஓய்வு பெற்றீர்கள் என்பதைப் பொறுத்தது. 1996-லிருந்து ஒரு மேல்சுற்று முறை உண்டு. 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் எடுத்துக்கொள்வார்கள். முதலில் போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட், காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று சொன்னது. ஆனால் 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெறுபவர்களுக்குப் புதிய விதிகள். காலம் முடித்துப் போகிறவர்களுக்கு டிஸபிலிட்டி எலிமெண்ட் என்ற பெயரே இல்லை, இம்பேர்மெண்ட் ரிலீஃப் என்று மாற்றிவிட்டார்கள்.

வருமான வரியிலும் இதே கோடுதான். 2019 ஜூனில் வந்த சுற்றறிக்கை, போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டும் வரிவிலக்கு என்றது. சுப்ரீம் கோர்ட் அதே ஆகஸ்டில் இருக்கும் நிலை தொடரட்டும் என்று நிறுத்தி வைத்தது. மூலக் கேள்விக்காரருக்கு இதில் கவலை இல்லை. அவர் மச்சான் போர்டு அவுட், பென்ஷன் முழுக்க விலக்கு.

எண்பதுசதவீதம்:
2011. அப்படியானால் இத்தனை வருஷ நிலுவையும் வருமா?

ட்ரிப்யூனல்_வாசல்:
நிச்சயமாகச் சொல்ல முடியாது. தர்சேம் சிங் வழக்கில் 2008-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: தாமதமாக வந்தால் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷ நிலுவைதான். ஆகவே யோசித்துக்கொண்டே இருப்பதுதான் நஷ்டம். முதல் அப்பீல், இரண்டாவது அப்பீல் போட்டீர்களா, அதற்கு வந்த பதில் கடிதங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சென்னையிலேயே ராணுவ ட்ரிப்யூனல் பெஞ்ச் இருக்கிறது.

நாயக்_மச்சினன்:
நண்பர்களே, கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை. போர்டு முடிந்தது. 100 சதவீதம், பணியால் வந்தது, ஆயுள் முழுவதற்கும் என்று எழுதியிருக்கிறார்கள். மச்சான் இந்தத் தடவை "டீக் ஹூன்" சொல்லவில்லையாம். அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை வரிசையாக ஒப்பித்திருக்கிறார். ஆள் தேவை என்ற சிபாரிசும் இருக்கிறது.

கேஷுவல்டி சிக்னல் விஷயம்தான் இழுக்கிறது. சுபேதார் சாப் நகல் எடுத்து அனுப்பினார். அதில் பிசிகல் கேஷுவல்டி என்றுதான் இருக்கிறது. ஆனால் ஆபரேஷனின் பெயரும் அதே தாளில் மேலே இருக்கிறது.

ட்ரிப்யூனல்_வாசல்:
அந்தப் பெயர் தாளில் இருப்பதே பெரிய விஷயம். இப்போது வார்டிலிருந்து சண்டை போட வேண்டாம். சி வகையிலேயே பென்ஷன் தொடங்கட்டும், பணம் வர ஆரம்பிக்கட்டும். பிபிஓ கைக்கு வந்த பிறகு வகையை மாற்றக் கேட்டு ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு போடுங்கள், சிக்னல் நகலை இணைத்து. மறுத்தால் மறுப்புக் கடிதம் வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் அப்பீல். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கும்.

வார்டு_மாஸ்டர்:
வீட்டுக்குப் போகும் முன் அக்காவுக்கு நாற்காலிக்கு மாற்றும் முறையை பிசியோவிடம் இரண்டு மூன்று தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள். புனே கிர்க்கியில் பாராப்ளெஜிக் ரிஹாபிலிடேஷன் சென்டர் 1974-லிருந்து இருக்கிறது, இதே மாதிரி ஆட்களுக்காகவே. தங்கிப் பழக வாய்ப்பு கிடைக்குமா என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டுவிடுங்கள். போக மனமில்லாவிட்டால் போக வேண்டாம், கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

பழைய_கிளார்க்:
ஸ்பர்ஷ் (ராணுவ பென்ஷன் இணையதளம்) கணக்கில் அக்காவின் பெயர், பிறந்த தேதி, ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியதற்காக நின்றுபோன ஃபைல்களை நான் நிறையப் பார்த்தாயிற்று. பிபிஓ வந்ததும் சர்வீஸ் எலிமெண்ட், டிஸபிலிட்டி எலிமெண்ட், உதவியாள் படி மூன்றும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் இங்கே போடுங்கள், கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.